செடி மூட்டில் ஊற்றிய தண்ணீர்

ஈஸ்வரியைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை உண்டா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் நடந்ததை முழுசாகப் பார்த்தவள் நான் ஒருத்திதான். ஊரில் இன்றைக்கும் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். அக்கிக்கு ஆஸ்பத்திரி மாத்திரை தின்றதால் வந்த வினை என்கிறார்கள். மாத்திரை வீரியம் அவள் உடம்புக்குத் தாங்கவில்லை என்கிறார்கள். மாத்திரைக்கு வாய் இல்லை, அதன் மேல் பழியைப் போட்டுவிட்டு எல்லாரும் நிம்மதியாக இருக்கிறார்கள். எனக்கு அந்த நிம்மதி வாய்க்கவில்லை.

என் பெயர் ராமலெட்சுமி. உத்தரகோசமங்கைக்குத் தெற்கே எங்கள் ஊர். என் வீட்டுக்காரர் முனியசாமி காலமாகி ஒன்பது வருஷம் ஆகிறது. அவர் விட்டுப்போன ஆறு ஏக்கரில் வருஷா வருஷம் முண்டு மிளகாய் போடுகிறேன். தை பிறந்தால் பழம் சிவக்க ஆரம்பிக்கும். பங்குனி முடிகிற வரைக்கும் பழம் எடுக்க ஆள் வேண்டும். அந்த ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருபவள் ஈஸ்வரி. அவளோடு சேர்த்துப் பதினாலு பொம்பளைகள்.

ஈஸ்வரிக்கு ஐம்பத்திரண்டு வயது. ஒல்லியாக, நெடுநெடுவென்று இருப்பாள். புருஷன் செத்தபோது மகன் ராம்குமாருக்கு ஆறு வயது. அதிலிருந்து களை எடுத்து, பழம் எடுத்து, கருதறுத்து அவனை ஆளாக்கினாள். இப்போது அவன் லோடு ஆட்டோ ஓட்டுகிறான். இருபத்துமூன்று வருஷமாக எங்கள் காட்டில் அவள் கைபடாத செடி கிடையாது. வலக்கை ஒரு செடியில் இருந்தால் இடக்கை அடுத்த செடியில் இருக்கும். ஒரு பச்சைக் காயைத் தவறிக்கூடப் பறித்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் பழம் எது, காய் எது என்று அவள் விரலுக்குத் தெரியும் என்று நானே நாலு பேரிடம் பெருமையடித்திருக்கிறேன்.

பழம் எடுப்பதில் ஒரு முறை உண்டு. ஆளுக்கு ஒரு நிரை, அதாவது ஒரு வரிசைச் செடி பிடித்து, எல்லாரும் ஒன்றாக நகர வேண்டும். நடுவில் ஒருத்தி எழுந்து போனால் அவள் நிரை பின்தங்கும். பக்கத்து நிரைக்காரி முணுமுணுப்பாள். அதனால் ஈஸ்வரி ஒரு சட்டம் போட்டிருந்தாள். காலையில் கஞ்சியோடு குடிக்கிற தண்ணீர்தான் தண்ணீர். மத்தியானம் வாய் நனைக்க ஒரு மடக்கு. அதற்கு மேல் யாரும் குடிக்கக் கூடாது. குடித்தால் ஒதுங்க வேண்டும், ஒதுங்கினால் நிரை கெடும். விடிந்து ஆறு மணிக்கு நிரை பிடித்தால் வெயில் சாயும் வரைக்கும் ஈஸ்வரி ஒதுங்க மாட்டாள் என்று மற்ற பொம்பளைகள் அவளைப் பெருமையாகச் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். ஏதோ மெடல் வாங்குகிற காரியம் போலத்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

முன்பெல்லாம் கீழ்வரப்பை ஒட்டிக் கருவேலம் புதர் அடர்த்தியாக இருந்தது. ரொம்ப முடியாதவள் அங்கே போய் வருவாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தப் புதரைக் கரிமூட்டம் போடுகிறவர்களுக்கு வெட்டக் கொடுத்துவிட்டேன். கொடுத்தவள் நான்தான். அதற்கப்புறம் அந்தப் பக்கம் வெட்டவெளி. மினி பஸ் போகிற ரோட்டிலிருந்து பார்த்தால் காட்டில் உட்கார்ந்திருக்கும் கொக்குகூடத் தெரியும்.

இன்னொன்றும் இருக்கிறது. அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல வாய் வராது. மோட்டார் ரூமை ஒட்டி ஒரு கக்கூஸ் கட்டியிருக்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் என் மகள் பானுப்பிரியாவும் சம்பந்தி வீட்டாரும் காட்டைப் பார்க்க வந்தபோது கட்டியது. டைல்ஸ் பதித்தது, தண்ணீர்க் குழாய் வைத்தது. அவர்கள் வந்துபோன பிறகு பூட்டிவிட்டேன். பதினாலு பேர் போனால் யார் கழுவுவது என்று எனக்கு ஒரு எண்ணம். பழம் எடுக்கிற இடத்திலிருந்து நூறு எட்டு வைத்தால் அந்தக் கதவு. சாவி என் இடுப்பில், சாவிக்கொத்தோடு தொங்கிக்கொண்டிருந்தது.

கவிப்ரியா ஈஸ்வரியின் மருமகள். உப்பூர்ப் பக்கத்துப் பெண், பிளஸ் டூ படித்தவள். கல்யாணமாகி வந்த முதல் வருஷம் அவளும் மாமியாரோடு பழம் எடுக்க வந்தாள். வரும்போது ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுவந்து, பத்து மணிக்குள் குடித்து முடித்துவிட்டாள். இரண்டு தடவை எழுந்து நின்று சுற்றுமுற்றும் பார்த்தாள். ஈஸ்வரி எல்லார் முன்னாலும், “கொழாயத் தொறந்து விட்ட மாதிரியில்ல இருக்கு எம் மருமக” என்றாள். நிரை முழுக்கச் சிரித்தது. வரப்பில் நின்று நானும் சிரித்தேன். அந்தப் பிள்ளை முகம் மிளகாய்ப் பழமாகிவிட்டது. மறுநாள் பாட்டில் கொண்டுவரவில்லை. பத்தே நாளில் நீர்க்கடுப்பு வந்து காய்ச்சலில் விழுந்தாள். ஈஸ்வரி வெந்தயத் தண்ணீர் கொடுத்து, பழகினால் சரியாகிவிடும் என்றாள். கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. அவளுக்கு யாரோ அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு கவிப்ரியா களத்தில் வத்தல் காயப்போடுகிற வேலைக்கு மாறிக்கொண்டாள்.

போன மாசிக் கடைசியில் ஈஸ்வரிக்கு இடது இடுப்பில் அக்கி வந்தது. இடுப்பிலிருந்து முதுகு வரைக்கும் பட்டையாகக் கொப்புளம். சேலை பட்டாலே தீயை வைத்ததுபோல எரிகிறது என்றாள். கூட வேலை பார்க்கிற முத்தழகு, அக்கி எழுதுகிறவரிடம் போய்க் காவி எழுதிக்கொள்ளச் சொன்னாள். கவிப்ரியா ஒத்துக்கொள்ளவில்லை. கொப்புளம் கண்ட மூன்று நாளைக்குள் மாத்திரையை ஆரம்பித்தால்தான் நல்ல பலன் என்று போனில் படித்திருக்கிறாள். அன்றைக்கே மாமியாரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனாள். ஈஸ்வரியும் மறுபேச்சில்லாமல் போனாள். பழம் கொட்டிக் கிடக்கிற நேரத்தில் படுத்துவிட்டால் பதினாலு பேரை யார் நடத்துவது என்பது அவள் கவலை.

அங்கே இருந்த டாக்டர் சின்ன வயசுப் பையன். அக்கறையாகப் பார்த்திருக்கிறார். சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, கிட்னியில் கோளாறு உண்டா, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாராம். ஈஸ்வரி எல்லாவற்றுக்கும் இல்லை என்றிருக்கிறாள். இடுப்பு வலிக்குத் தினமும் அவள் மாத்திரை போடுகிறவள். அதைக் கொடுப்பதே நான்தான். பழம் எடுக்கும் நாட்களில் டீக்கேனோடு ஒரு தகர டப்பாவில் வலி மாத்திரையும் கொண்டுபோவேன். கேட்டவர்களுக்கு ஒன்றோ இரண்டோ கொடுப்பேன். ராமலெட்சுமியக்காவுக்கு நல்ல மனசு என்று பேர் வாங்கிய டப்பா அது. காசு கொடுத்துக் கடையில் வாங்காததை ஈஸ்வரி மாத்திரைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

கிருமியை அடக்குகிற மாத்திரை, ஒரு நாளைக்கு ஐந்து வேளை, ஏழு நாள். கொப்புளம் காய்ந்துவிட்டது என்று நடுவில் நிறுத்தக் கூடாது. ஒரு வேளை மறந்தால் அடுத்த வேளைக்கு இரண்டாகப் போடக் கூடாது. உங்களுக்கு எழுதிக் கொடுத்ததை அடுத்தவருக்குக் கொடுக்கக் கூடாது. இதையெல்லாம் சொல்லிவிட்டு, தண்ணீரைத்தான் அந்த டாக்டர் திரும்பத் திரும்பச் சொன்னாராம். நாளைக்கு மூன்று லிட்டராவது குடிக்க வேண்டும், தண்ணீர் குறைந்தால் இந்த மருந்து கிட்னியில் உப்பு மாதிரிப் படிந்து அடைத்துவிடும், ஒண்ணுக்குப் போவது குறைந்தால் உடனே வாருங்கள் என்று சொல்லியிருக்கிறார். ஈஸ்வரி தலையை ஆட்டினாள். எங்கள் வீட்டுக் கக்கூஸில் விறகு அடுக்கியிருக்கிறது, கண்மாய்க்கரைக்கு இருட்டில் போனால் மறுபடி இருட்டின பிறகுதான் போக முடியும் என்று மகன் வயசுப் பையனிடம் எந்தப் பொம்பளை சொல்வாள்?

முப்பத்தைந்து மாத்திரையையும் கவிப்ரியா தன் பொறுப்பில் வைத்துக்கொண்டாள். போனில் ஐந்து அலாரம் வைத்தாள். ஒவ்வொரு மாத்திரை கொடுத்ததும் நாள்காட்டியில் அந்தத் தேதிக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைப்பாள். ஈஸ்வரி ஓய்வெடுக்காமல் இரண்டாம் நாளே காட்டுக்கு வந்துவிட்டாள். வீட்டில் இருக்கச் சொல்லி நானும் ஒப்புக்குச் சொன்னேன். அவள் வந்ததில் எனக்கு உள்ளூரச் சந்தோஷம். பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் கவிப்ரியா களத்திலிருந்து மாத்திரையும் ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீருமாக வருவாள். மாமியார் ஒரு மடக்குத் தண்ணீரில் மாத்திரையை விழுங்குகிற வரைக்கும் நின்று பார்ப்பாள். மீதித் தண்ணீரையும் குடிக்கச் சொல்லிவிட்டு, போன தடவை கொடுத்த காலிப் பாட்டிலை எடுத்துக்கொண்டு களத்துக்கு ஓடுவாள்.

இரண்டாம் நாள் மத்தியானம் நான் டீக்கேனோடு போனபோது, ஈஸ்வரி அந்தத் தண்ணீரை மிளகாய்ச் செடி மூட்டில் ஊற்றிக்கொண்டிருந்தாள். நிதானமாக, ஒரு செடிக்குக் கொஞ்சம், அடுத்த செடிக்குக் கொஞ்சம் என்று ஊற்றினாள்.

“ஏ ஈஸ்வரி, அக்கி ஒனக்கா, செடிக்கா?” என்று கேட்டேன்.

“செடிக்கு ஒதுங்க வேண்டியதில்லையேக்கா” என்றாள் அவள்.

இரண்டு பேரும் சிரித்தோம். நான் குனிந்து டீ ஊற்றும்போது இடுப்பில் சாவிக்கொத்து சத்தம் போட்டது. அது என் காதிலும் விழுந்தது. அவள் காதிலும் விழுந்திருக்கும். பிறகு டப்பாவைத் திறந்து இரண்டு வலி மாத்திரை கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

நாலாம் நாள் பதினோரு மணிவாக்கில் முத்தழகு கூப்பிட்டாள். ஈஸ்வரியின் கூடையில் பாதிக்குப் பாதி பச்சைக் காய் கிடந்தது. அவள் நிரையில் உட்கார்ந்தபடி, பழத்தை விட்டுவிட்டுக் காயைப் பறித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். கூப்பிட்டதற்குக் குழறிக் குழறிப் பதில் சொன்னாள். காலையிலிருந்து மூன்று தடவை வாந்தி எடுத்தாளாம். களத்திலிருந்து ஓடிவந்த கவிப்ரியா அவள் காதோடு ஏதோ கேட்டாள். நேற்று விடியற்காலையில் ஒண்ணுக்குப் போனவள், அதற்குப் பிறகு போகவே இல்லை. கால் வீங்கிப் பளபளவென்று இருந்தது. ராம்குமார் ஆட்டோவைக் கொண்டுவந்தான், அதிலேயே ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நானும் கூடப் போனேன். நல்ல மனசுக்காரி இல்லையா!

வார்டு டாக்டர் பெயர் மர்ஜானா. முப்பது வயசு இருக்கும், ஒரு கேள்வியை விட்டுவிடாமல் கேட்கிறவர். ரத்தத்தைப் பார்த்துவிட்டு, இரண்டு கிட்னியும் கிட்டத்தட்ட வேலையை நிறுத்திவிட்டன என்றார். உடனே டயாலிசிஸ் போட்டார்கள். மறுநாள் இன்னொரு தடவை போட்டார்கள். அன்றைக்குச் சாயங்காலம் ஈஸ்வரிக்குப் புத்தி தெளிந்தது. டாக்டர் கட்டில் பக்கத்தில் வந்து நின்றார். கவிப்ரியா நாள்காட்டித் தாளைக் கிழித்துக் கொண்டுவந்திருந்தாள். பதினைந்து புள்ளி இருந்தது. மாத்திரையோடு வேறு என்ன சாப்பிட்டார்கள் என்று டாக்டர் கேட்டதும், வலி மாத்திரை கொடுத்தது நான்தான் என்று முந்திக்கொண்டு சொன்னேன். இரண்டும் சேர்ந்தால் கிட்னிக்கு ஆகாது, உங்களை யார் கொடுக்கச் சொன்னது என்று அவர் கோபப்பட்டார். திட்டு வாங்கியதில் எனக்கு ஒரு திருப்திகூட இருந்தது. உபகாரம் செய்யப்போய் வந்த தப்புதானே, ஒத்துக்கொள்வது சுலபம்.

பிறகு டாக்டர் ஈஸ்வரியிடம் தண்ணீரைப் பற்றிக் கேட்டார்.

“குடிச்சேங்க. அந்தப் புள்ள குடுத்ததெல்லாம் குடிச்சேன்” என்றாள் ஈஸ்வரி.

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் கையிலிருந்த சாத்துக்குடியை உரிக்க ஆரம்பித்தேன்.

தினம் மூன்று லிட்டர் குடித்திருந்தால் வலி மாத்திரையால் மட்டும் இவ்வளவு தூரம் போயிருக்காது என்றார் டாக்டர். கணக்குக்கு மேல் மாத்திரை போயிருக்குமோ என்று அவருக்குச் சந்தேகம். மீதி மாத்திரையை எண்ணச் சொன்னார். முப்பத்தைந்தில் பதினைந்து போக இருபது இருக்க வேண்டும். பதினாறுதான் இருந்தது. கவிப்ரியா மறுபடி மறுபடி எண்ணினாள். நாலு மாத்திரை எங்கே போனது என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. டாக்டர் அவளைக் குற்றம் சொல்லவில்லை. நன்றாக யோசித்துச் சொல்லுங்கள், சரியான விவரம் தெரிந்தால்தான் மேற்கொண்டு எதைப் பார்ப்பது, எதை விடுவது என்று முடிவு செய்ய முடியும் என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

டாக்டர் சொல்லாததை ராம்குமார் சொன்னான். வராந்தாவில், போகிறவர் வருகிறவர் எல்லாம் திரும்பிப் பார்க்கச் சொன்னான்.

“படிச்சவளேன்னு நம்பி ஒங்கிட்டக் குடுத்தா எங்காத்தாளக் கொல்லப் பாத்திட்டியேடி. கௌம்பி ஒங்க ஊருக்குப் போயிரு.”

கவிப்ரியா அழவில்லை. நேராக என்னிடம் வந்தாள்.

“பெரியம்மா, நீங்க அங்கனதான இருந்தீக. அத்த தண்ணி குடிச்சாகளா இல்லையா? நீங்க பாத்தத மட்டும் சொல்லுங்க, போதும்.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். மறைத்துப் பார்த்தவளுக்குத்தான் அது எவ்வளவு சுலபம் என்று தெரியும். செடி மூட்டில் ஊற்றினாள் என்று சொன்னால், ஏன் ஊற்றினாள் என்று கேட்பார்கள். ஏன் என்று போனால் என் இடுப்புச் சாவி வரைக்கும் வந்து நிற்கும். இத்தனையும் ஒரு நொடியில் எனக்குள் ஓடியது.

“நான் எங்கத்தா பாத்தேன்? ஆளுகள மேய்க்கவே எனக்குப் பொழுது சரியாப் போச்சு” என்றேன்.

அவள் போய்த் துணிப்பையை எடுத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி வாசலிலேயே உப்பூர் போகிற பஸ் நிற்கும். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். அன்றைக்குப் பழி பஸ் ஏறிப் போனது. பாவம் வராந்தா பெஞ்சில் சாத்துக்குடித் தோலோடு உட்கார்ந்திருந்தது.

மறுநாள் காலையில் நான் போனபோது டாக்டர் மர்ஜானா நர்ஸோடு வந்திருந்தார். ஒண்ணுக்கு இன்னும் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது, இன்றைக்கும் டயாலிசிஸ் வேண்டியிருக்கலாம் என்று ராம்குமாரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். மாத்திரையைத் தவிர வேறு காரணம் இருக்கிறதா என்று பார்க்கக் கிட்னியில் ஊசி போட்டுச் சதை எடுத்துச் சோதிக்கலாமா என்று யோசிப்பதாகவும் சொன்னார். ஈஸ்வரி அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. கண்ணால் வார்டைத் துழாவிக்கொண்டிருந்தாள். மருமகள் எங்கே என்று மகனைக் கேட்டாள். அவன் மழுப்பினான். மறுபடி கேட்டாள். மாத்திரையைக் கூடக் கொடுத்ததற்கு ஊருக்கு அனுப்பிவிட்டேன் என்றான்.

ஈஸ்வரி படுக்கையிலிருந்து எழ முயன்றாள், முடியவில்லை. ஊசி குத்தியிருந்த கையால் டாக்டரின் கோட்டு நுனியைப் பிடித்தாள்.

“டாக்டரம்மா, நான் பொய் சொன்னேன். அந்தப் புள்ள மேல ஒரு தப்புமில்ல. அது குடுத்த தண்ணிய நான் குடிக்கல. செடி மூட்டுல ஊத்திட்டு வெறும் பாட்டிலக் குடுத்தேன். குடிச்சா ஒதுங்கணும். ஒதுங்க எடமில்ல. வீட்டுலயும் குடிக்கல, ஒரு மடக்கோட சரி. நாலு மாத்திரையும் நாந்தான் எடுத்தேன். முத்தழகுக்கு ஒதட்டுல கொப்புளம், அதுவும் அக்கிதான்னு நெனச்சுக் குடுத்திட்டேன்.”

வார்டில் இருந்த பத்துக் கட்டிலும் கேட்டுக்கொண்டிருந்தது. பக்கத்துக் கட்டிலுக்குத் துணையிருந்த ஆம்பளை ஒருத்தர் எழுந்து வெளியே போனார். ஈஸ்வரி போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டாள். இருபத்துமூன்று வருஷமாக எதை யாருக்கும் தெரியாமல் அடக்கி வைத்தாளோ, அதைப் பத்துக் கட்டில் கேட்கச் சொல்லும்படி ஆகிவிட்டது. ராம்குமார் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான்.

டாக்டர் திட்டவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, போர்வைக்குள் இருந்தவளிடம் மெதுவாகப் பேசினார். இப்போதாவது சொன்னீர்களே, இனி எதற்குப் பார்க்க வேண்டும் என்று தெளிவாகிவிட்டது, ஊசிப் பரிசோதனை வேண்டியதில்லை, கிட்னி மெல்லத் தேறிவிடும் என்றார். முத்தழகு அந்த மாத்திரையைத் தொடக் கூடாது, நேரில் வரச் சொல்லுங்கள் என்றார். கடைசியாக ஒன்று கேட்டார்.

“நீங்க வேலை பாக்குற எடத்துல கக்கூஸ் எதுவும் இல்லையாம்மா?”

போர்வை விலகியது. ஈஸ்வரியின் கண் நேராக என்னிடம் வந்தது. நான் கட்டில் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தேன். சாவி இடுப்பில் இருந்தது. நானே சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதான்.

“இல்லங்க” என்றாள் ஈஸ்வரி.

டாக்டர் ஏதோ எழுதிக்கொண்டு போய்விட்டார். ராம்குமார் கீழே இறங்கிப் போய் ஆட்டோவை எடுத்தான். உப்பூருக்குப் போகிறான் என்று சொல்லாமலே தெரிந்தது.

நாங்கள் இருவரும்தான் மிச்சம். அவளுக்கு எவ்வளவு தண்ணீர் கொடுக்கலாம் என்று நர்ஸ் ஒரு டம்ளரில் கோடு போட்டு வைத்திருந்தார். அதைப் பிடித்துக்கொண்டு வாயருகே நீட்டினேன். கொஞ்சம் அவள் கழுத்தில் சிந்தியது. சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே, ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்றும் கேட்டேன், நான் ஏதோ உண்மைக்கு வாரிசு மாதிரி.

ஈஸ்வரி தண்ணீரை முழுங்கிவிட்டுச் சொன்னாள்.

“நீங்க அங்கன நின்னுக்கிட்டு இருந்தீகளேக்கா. பத்துப் பேரு பாக்க நிக்கிறது எப்பிடி இருக்கும்னு எனக்கு அப்பத்தான தெரிஞ்சுச்சு. ஒங்கள வேற எதுக்கு நிக்க வைக்கணும்?”

அவள் கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். நாலு வார்த்தை ஏசியிருந்தால் காலில் விழுந்துவிட்டு எழுந்து போயிருப்பேன். அவள் எனக்கு அந்த வழியையும் வைக்கவில்லை.

மூன்றாவது டயாலிசிஸ் தேவைப்படவில்லை. பதினோரு நாள் கழித்து வீட்டுக்கு வந்தாள். முத்தழகு நல்லவேளையாக அந்த மாத்திரையில் ஒன்றைக்கூட விழுங்கவில்லை, மஞ்சள் கயிறு வைக்கிற டப்பாவில் போட்டு வைத்திருந்தாள். கவிப்ரியா வந்துவிட்டாள். ராம்குமார் அவளிடம் என்ன சொல்லிக் கூப்பிட்டானோ எனக்குத் தெரியாது. வந்தவுடன் முதல் வேலையாக வீட்டுக் கக்கூஸில் இருந்த விறகை அவனே வெளியே அள்ளிப் போட்டதாகக் கேள்விப்பட்டேன்.

நான் மோட்டார் ரூமுக்குப் போய்ப் பூட்டைத் திறந்தேன். மூன்று வருஷத் தூசிக்குக் கீழே டைல்ஸ் புதுசாக இருந்தது. நானே கழுவினேன். கழுவ அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அந்த அரை மணி நேர வேலைக்குப் பயந்துதான் பூட்டி வைத்திருந்திருக்கிறேன்.

இந்தத் தையில் பழம் எடுப்பு ஆரம்பித்தது. நிரையை இப்போது கவிப்ரியா நடத்துகிறாள். ஈஸ்வரி களத்தில் நிழலில் உட்கார்ந்து வத்தல் பொறுக்குகிறாள், பக்கத்தில் தண்ணீர் பாட்டில் இருக்கும். முதல் நாள் பத்து மணிக்குக் கவிப்ரியா நிரையை நிறுத்தி எல்லாரையும் தண்ணீர் குடிக்கச் சொன்னாள். நிரை கெட்டால் கெடட்டும், சேர்ந்தே கெட்டுவிட்டுச் சேர்ந்தே பிடித்துக்கொள்வோம் என்றாள். ஒவ்வொருத்தியாக மோட்டார் ரூம் பக்கம் போய் வந்தார்கள். திரும்பி வரும்போது முத்தழகு என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஒங்க மனசு யாருக்குக்கா வரும்? எங்களுக்குன்னு கட்டிக் குடுத்திருக்கீகளே” என்றாள்.

அது புதுசாகக் கட்டியதில்லை என்று முத்தழகுக்குத் தெரியவில்லை. இத்தனை நாள் பூட்டிக் கிடந்ததை மோட்டார் சாமான் போடுகிற அறை என்று நினைத்திருக்கிறார்கள். ஈஸ்வரிக்கு மட்டும்தான் தெரியும். கட்டும்போது சித்தாள் வேலை பார்த்தவள் அவள். முத்தழகு சொன்னது களம் வரைக்கும் கேட்டிருக்கும். ஈஸ்வரி தலையை நிமிர்த்தவில்லை, வத்தலைப் பொறுக்கிக்கொண்டே இருந்தாள். நானும் முத்தழகிடம் இல்லை என்று சொல்லவில்லை.

கவிப்ரியா என்னிடம் மரியாதையாகத்தான் பேசுகிறாள். பெரியம்மா என்றுதான் கூப்பிடுகிறாள். வராந்தாவில் அவள் கேட்டதற்கு நான் சொன்ன பதில் பொய் என்று அவளுக்கு இன்னும் தெரியாது. ஈஸ்வரி சொல்ல மாட்டாள். நேரில் சொல்ல மூன்று தடவை களத்துக்குப் போய், விலைவாசி பேசிவிட்டுத் திரும்பி வந்தேன். அதனால்தான் உட்கார்ந்து எழுதினேன். கவிப்ரியா படித்தவள். நாளைக்குப் பத்து மணிக்கு நிரையை நிறுத்தித் தண்ணீர் குடிக்கும்போது, இந்தத் தாள்களை அவள் கையில் கொடுத்துவிட்டு, அவள் படித்து முடிக்கிற வரைக்கும் அங்கேயே நிற்கப்போகிறேன்.